சக்குபந்தியிலிருந்து கல்வெட்டுக்கு: 46 வயதில் எம்.ஏ. வரலாறு

எனக்கு வயது 46. கும்பகோணத்தில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். கிரயம், தானம், பாகப்பிரிவினை, அடமானம் என்று எத்தனை ஆயிரம் பத்திரங்களைத் தட்டச்சு செய்திருப்பேனோ, கணக்கில்லை. அஞ்சல் வழியில் பி.காம். முடித்தது 1999-இல். போன வருடம் கல்லூரியில் சேர்ந்தேன். எம்.ஏ. வரலாறு, தினமும் வகுப்புக்குப் போய்ப் படிக்கிற படிப்பு.

சேர்ந்ததிலிருந்து என் வயதுக்காரர்கள், குறிப்பாகப் பெண்கள், கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: "எங்கே சேர்ந்தே? எப்படி முடிவு பண்ணினே? நான் சேரலாமா?" ஆளுக்கு ஆள் போனில் துண்டு துண்டாகச் சொல்வதைவிட இங்கே ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஏன் வரலாறு என்பதைச் சொல்லவேண்டும். எதற்காகப் படிக்கிறோம் என்பது தெளியாமல் எங்கே படிப்பது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது.

மூன்று வருடத்துக்கு முன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மகளுக்குச் சொத்து எழுதி வைக்க வந்திருந்தார். சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கனுக்குக் காத்திருந்த நேரத்தில் மஞ்சள் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். கோயில் கல்வெட்டுகளை அப்படியே அச்சிட்ட புத்தகம். சும்மா இருக்கவில்லை, எடுத்துப் புரட்டினேன். யாரோ ஒருவர் கோயிலுக்கு நிலம் கொடுத்த செய்தி. கீழ்பாற்கெல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, தென்பாற்கெல்லை இன்னார் நிலத்துக்கு வடக்கு என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அன்று காலைதான் அந்த ஆசிரியருடைய சொத்துக்கே நான் சக்குபந்தி, அதாவது நான்கெல்லை விவரம், அடித்திருந்தேன்: இன்னார் மனைக்கு மேற்கு, பொதுத் தெருவுக்கு வடக்கு.

வீட்டுக்குப் போயும் அதே நினைவு. நாங்கள் "மாவடை மரவடை" என்று அடிப்பதற்கு அங்கே மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும். நாங்கள் சந்திர சூரியர் உள்ளவரை என்ற பொருளில் "ஆசந்திரார்க்கமாக" என்று எழுதுகிற இடத்தில் அங்கே "சந்திராதித்தவரை". எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று மாறிவிட்டது, ஆனாலும் வயல்காரர்கள் வாயில் இன்னும் மாதான். அந்தக் கல்லிலும் வேலியும் மாவும்தான். இத்தனை வருடமாக நான் பிழைப்புக்கு எழுதிவந்த மொழிக்கு ஆயிரம் வருட வேர் இருக்கிறது என்பதை எனக்கு யாருமே சொன்னதில்லை.

அப்புறம் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாகேசுவரன் கோயில் சுவரோரம் நின்று எழுத்துக்கூட்டிப் பார்ப்பேன். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம். ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆகும். அரைகுறையாகப் படித்துவிட்டு நானாக ஒரு பொருள் சொல்லிக்கொள்வேன். அது சரியா தப்பா என்று சொல்ல ஆள் இல்லை. அந்த இடத்தில்தான் கல்லூரி என்ற எண்ணமே வந்தது.

"பட்டம் எதுக்கு? தானாப் படிச்சா போதாதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. மயிலை சீனி. வேங்கடசாமி பள்ளி ஆசிரியர். பௌத்தமும் சமணமும் தமிழுக்குச் செய்ததை அவரைப்போல் தேடித் தொகுத்தவர்கள் குறைவு. ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி, பணியில் இருந்துகொண்டே தமிழி என்கிற பண்டைய எழுத்துகளைப் படித்தவர், 1980-இல் விருப்ப ஓய்வு பெற்றார், அவருடைய பெரிய நூல் 2003-இல் வந்தது. இவர்களை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும், அவ்வளவு மரியாதை. ஆனால் எனக்கு என்னைப் பற்றித் தெரியும். தப்பைத் தப்பென்று எடுத்துச் சொல்ல ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தால்தான் நான் தேறுவேன். அதனால் பட்டத்தைவிட ஆசிரியரைத்தான் தேடினேன். இந்த ஒரு வித்தியாசம்தான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானித்தது.

முதலில் பார்த்தது தொலைநிலைக் கல்வி. என்னைப்போல் வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். 1985-இல் தொடங்கிய இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் எம்.ஏ. வரலாறு சேரலாம், இரண்டு வருடத்தில் முடிக்கலாம், முடியாவிட்டால் நான்கு வருடம் வரை இழுக்கலாம். அவர்களுடைய பாடப்புத்தகங்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வரலாற்று வரைவியல், இந்தியப் பொருளாதார வரலாறு, சமூக அமைப்புகளின் வளர்ச்சி என்று ஒவ்வொன்றும் நிதானமாக எழுதப்பட்டவை. நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். நீங்கள் எங்கே சேர்ந்தாலும் இவற்றைப் படியுங்கள், நான் இப்போதும் படிக்கிறேன். ஆனால் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுதவேண்டும். நிலத்தையும் எல்லையையும் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தமிழில்தான் தெரியும். அதை ஆங்கிலத்தில் எழுதினால் பாதி என் கையைவிட்டுப் போய்விடும் என்று தோன்றியது.

தமிழ்வழி வேண்டுமென்றால் 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மற்றப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைப் பிரிவுகளும் இருக்கின்றன. இவற்றில் ஒன்றன் படிப்பு மையத்துக்கு நேரில் போனேன். பெயர் வேண்டாம். அங்கே இருந்த தம்பி பொறுமையாகத்தான் பேசினார். ஒப்படைப்புகளைத் திருத்தித் திருப்பித் தருவார்களா என்று கேட்டேன். "மார்க் போட்டு அனுப்பிடுவோம் மேடம், பேப்பர் திரும்ப வராது" என்றார். என் பக்கத்தில் நின்ற ஒரு பெண், போன வருடத்து ஒப்படைப்புகளை வேறொருவரிடமிருந்து வாங்கி அப்படியே எழுதிக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்லமாட்டேன், அவளுக்கு அரசு வேலையில் பதவி உயர்வுக்கு அந்தப் பட்டம் தேவை, கைக்குழந்தை வேறு. எனக்கு வேண்டியது அங்கே இல்லை என்பது மட்டும் புரிந்தது.

தொலைநிலைக் கல்வியை நான் தாழ்த்திப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். முறையாக அங்கீகரிக்கப்பட்ட தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவாகவே அறிவித்துவிட்டது. அந்த "முறையாக அங்கீகரிக்கப்பட்ட" என்பதில்தான் கண் இருக்கவேண்டும். பல்கலைக்கழகத்துக்கு நல்ல பெயர் இருந்தால் போதாது; நீங்கள் சேருகிற அந்த ஆண்டுக்கு, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று அவர்களுடைய இணையதளத்திலேயே பாருங்கள். நிலம் வாங்குமுன் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதில்லையா, அதுபோல. ஏஜென்ட் காட்டுகிற நோட்டீஸை நம்பாதீர்கள்.

அடுத்தது தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம். உண்மையைச் சொன்னால் மனசு முழுக்க அங்கேதான் இருந்தது. 1981-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்கும் தனித் துறையே உண்டு. எ. சுப்பராயலு அங்கே ஆசிரியராக இருந்தவர். கல்வெட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களை இன்றைய ஊர்களோடு பொருத்திப் பொருத்தி, சோழநாட்டுக்குள் "நாடு" என்று சொல்லப்பட்ட உட்பிரிவுகள் எங்கெங்கே இருந்தன என்று வரைபடம் போட்டுக் காட்டியவர். அந்த நூல் 1973-இல் வந்தது. நாள் முழுதும் கிராமப் பெயரையும் எல்லையையும் எழுதுகிற எனக்கு அந்த வரைபடத்தைப் பார்த்தபோது என்ன தோன்றியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் 40 கிலோமீட்டர். போக வர தினம் இரண்டரை மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். வேலையை விட்டால்தான் முடியும். மகள் இன்னும் நர்ஸிங் படித்துக்கொண்டிருக்கிறாள், வேலையை விடமுடியாது. அந்த ஆசையை ஒத்திவைத்தேன், கைவிடவில்லை.

மிச்சம் இருந்தவை பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய இரண்டு கல்லூரிகள். ஒன்று அரசுக் கல்லூரி, ஒன்று தனியார்.

போவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். எங்கள் அலுவலகத்தில் இருந்த 1912-ஆம் வருடத்துக் கிரயப் பத்திரம் ஒன்றின் நகலையும், அந்தத் தமிழாசிரியர் புத்தகத்தில் இருந்த நிலக்கொடைக் கல்வெட்டு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று நான்கு பக்கம் எழுதினேன். கையால்தான் எழுதினேன். இரண்டு துறைகளிலும் அதைக் கொடுத்து, "இதைப் படிச்சுப் பாத்து, நான் இந்தப் படிப்புக்கு லாயக்கான்னு சொல்லுங்க" என்று கேட்பது என்று முடிவு.

தனியார் கல்லூரியில் வரவேற்பில் இருந்த பெண்ணைத் தாண்டித் துறைக்குப் போக முடியவில்லை. "அட்மிஷன் போட்டுட்டு அப்புறம் ஸ்டாஃபைப் பாத்துக்கலாம் மேடம்" என்றார்கள். பாடத்திட்டத்தை மட்டும் வாங்கிப் பார்த்தேன். நான்கு பருவத்தில் சுற்றுலா மேலாண்மை, போட்டித் தேர்வுக்கான பொது அறிவு, பணியிடத் திறன் என்று நிறைய இருந்தன. வரலாற்று வரைவியல் ஒரே ஒரு தாள். ஆய்வேடு இல்லை. போட்டித் தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு அது உதவும், சந்தேகமில்லை. என் தேவை வேறு.

அரசுக் கல்லூரியில் துறைத்தலைவர் வகுப்பில் இருந்தார். மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வந்தவருக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். தாளை வாங்கிக்கொண்டார், "நாளைக்கழிச்சு வாங்கம்மா" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் போனேன்.

நான்கு பக்கமும் சிவப்பு மை. பள்ளிக்கூடம் விட்டபிறகு என் எழுத்தின்மேல் யாரும் இவ்வளவு நேரம் செலவு செய்ததில்லை. நான் ஓரிடத்தில், ஆயிரம் வருடமாக நம் மக்கள் இதே அளவில்தான் நிலம் அளந்தார்கள் என்று பெருமையாக எழுதியிருந்தேன். அதன் ஓரத்தில் இரண்டே சொல்: "அதே குழிதானா?"

"உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு விளக்கினார். சோழர் காலத்தில் நிலம் அளந்த கோலே ஒன்றல்ல. பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்று பல இருந்தன. கோல் மாறினால் குழியின் பரப்பு மாறும், குழி மாறினால் மா மாறும். இன்று நாங்கள் சொல்லுகிற 144 சதுர அடிக் குழியைக் கொண்டுபோய் அந்தக் கல்லில் வைத்து அளக்க முடியாது. சொல் ஒன்றாக இருக்கிறது என்பதற்காகப் பொருளும் ஒன்று என்று நான் முடிவு கட்டிவிட்டேன். "நல்ல கேள்வியாத்தான் எடுத்திருக்கீங்க. ஆனா அஞ்சு இடத்துல ஆதாரம் இல்லாம தீர்ப்பு சொல்லிட்டீங்க" என்றார். ஐந்து இடங்களையும் சுட்டிக்காட்டினார்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு கட்டுரையின் ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தார். ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா எழுதியது. திருச்சிப் பக்கத்தில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டு, நிலத்தை விற்பவர், கொடுப்பவர் யார் என்று மட்டும் வரிசையாகப் பார்த்திருக்கிறார். பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரான, அதாவது பிரமதேயமான, ஈசானமங்கலத்தில் தனி ஆட்கள் தங்கள் நிலத்தை விற்கிறார்கள். அல்லூரிலோ ஊரே சேர்ந்து விற்கிறது, அங்கே நிலம் பொதுவில் இருந்திருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் நில உரிமையே வேறு வேறு மாதிரி. பத்திரம் எழுத வந்தவரிடம் நாங்கள் முதலில் கேட்கிற கேள்வி, "எழுதிக் கொடுக்கிறது யாரு?" அந்த ஒற்றைக் கேள்வியை வைத்து ஒரு மனிதர் சோழர் காலத்துச் சமுதாயத்தைத் திறந்து காட்டியிருக்கிறார். அன்று இரவு அந்தக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எங்கே சேருவது என்ற கேள்வி அத்தோடு முடிந்தது.

இனி சான்றிதழ் சங்கதி. வருடக்கணக்கில் இடைவெளி விட்டுச் சேருகிறவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி, தெரியாமல் போய் நிற்காதீர்கள். மாற்றுச் சான்றிதழ் அசல் கேட்பார்கள். வேறு பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியிருந்தால் இடப்பெயர்வுச் சான்றும் கேட்பார்கள். இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்பதற்கு ஓர் உறுதிமொழிக் கடிதமும் எழுதித் தரவேண்டியிருக்கும். பெண்களுக்கு இன்னொன்று: மதிப்பெண் பட்டியலில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் வீட்டுக்காரரின் இனிஷியல். இரண்டும் ஒட்டாது. நாங்கள் பத்திரத்தில் "என்கிற" போட்டு இரண்டு பெயரையும் எழுதிவிடுவோம், கல்லூரி அலுவலகத்தில் அது செல்லாது. இரண்டும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக் கொடுத்தேன். தொலைநிலையில் சேருகிறவர்கள் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்கிற ஏபிசி எண்ணை உருவாக்கும்போதே பெயரைச் சரியாகப் பொருத்திக்கொள்ளுங்கள், பின்னால் திருத்த அலையவேண்டாம்.

வேலை வாய்ப்பு பற்றியும் கேட்கிறார்கள். கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு வயது உச்சவரம்பு இல்லை. ஆராய்ச்சி உதவித்தொகைக்குத்தான் உண்டு. பள்ளி ஆசிரியராக வேண்டுமானால் பி.எட். வேண்டும். நான் இதற்காகச் சேரவில்லை என்பதால் இதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

இப்போது என் நாள் இப்படிப் போகிறது. காலை ஒன்பதரை முதல் மதியம் ஒன்றரை வரை வகுப்பு. 75 விழுக்காடு வருகை கட்டாயம் என்பதால் முகூர்த்த நாட்களில்கூட லீவு போட யோசிக்கிறேன். இரண்டு மணிக்கு அலுவலகம். எங்கள் பத்திர எழுத்தர் அண்ணன் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டு சம்மதித்தார். இரவு எட்டு வரை தட்டச்சு. அந்தப் பணம் குறைந்தது வீட்டில் தெரியத்தான் செய்கிறது. தீபாவளிக்கு யாருக்கும் பட்டு எடுக்கவில்லை.

வகுப்பில் 28 பேர், நான் மூன்றாவது பெஞ்சு. எல்லாருக்கும் அக்கா ஆகிவிட்டேன். கையெழுத்துப் பத்திரங்களைப் படிக்க நான் அவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். பிடிஎஃபில் எப்படித் தேடுவது, அடிக்குறிப்பு எப்படிப் போடுவது என்று அவர்கள் எனக்குச் சொல்லித் தருகிறார்கள். என் பக்கத்தில் உட்காருகிற பெண், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். போன வாரம் அவள் தன் தாத்தாவின் பழைய பத்திரக் கட்டை எடுத்து வந்து, "அக்கா, இதுல எங்க நிலம் எப்ப போச்சுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். இரண்டு இடைவேளை நேரம் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். 1967-இல் ஓர் அடமானம், திருப்பவே இல்லை. அவள் அதையே ஆய்வேட்டுக்கு எடுக்கப்போகிறாள்.

என் ஆய்வேடு அந்த நான்கு பக்கத்திலிருந்துதான் வளர்கிறது. தலைப்பை மூன்று முறை மாற்றியாயிற்று. ஓரத்தில் இன்னும் சிவப்பு மை வந்துகொண்டுதான் இருக்கிறது.

சேர நினைக்கிறவர்களுக்கு: வேலை, குழந்தை, உடம்பு என்று எதுவும் விடாது என்றால் தொலைநிலையிலேயே சேருங்கள், ஆனால் உங்கள் எழுத்தைப் படித்துத் திருத்த ஓர் ஆசிரியரை நீங்களாகவே தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். பகலில் நான்கு மணி நேரம் கிடைக்கும் என்றால், உங்களை உறுத்துகிற ஒரு விஷயத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு பக்கத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கு நேரில் போங்கள். முதுகலை விண்ணப்பம் பெரும்பாலும் இளங்கலைத் தேர்வு முடிவு வந்த பிறகுதான் திறக்கும். அதற்குள் பரணில் கிடக்கிற மாற்றுச் சான்றிதழைத் தேடி எடுத்து வைத்துவிடுங்கள். எனக்கு அதைத் தேடவே 11 நாள் ஆயிற்று.